கடலைத் தடுத்த கதவு: செம்பவாங் உலர்துறையின் வரலாறு

பல்லாண்டுகளுக்கு முன்னர், மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில், சிங்கப்பூரின் போர்க்கால வரலாற்றைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றை மாணவர்களிடம் கொடுத்திருந்தேன். அதில் 'கிங் ஜார்ஜ் தி சிக்ஸ்த் கிரேவிங் டாக்' என்றொரு பெயர் வந்தது. மாணவி ஒருவர் அதனை 'ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கல்லறைத் துறை' என்று பெயர்த்திருந்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியராகிய நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. அதன் காரணம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

சொல்லளவில் மாணவி செய்தது பிழைதான். 'கிரேவிங்' என்னும் கப்பற் சொல்லுக்கும் கல்லறைக்கும் உறவில்லை. மரக்கலங்கள் ஓடிய காலத்தில், கலத்தின் அடிப்பாகத்தில் படிந்த பாசியையும் ஒட்டுயிர்களையும் நெருப்பால் பொசுக்கி, சுரண்டி எடுத்துக் கீல் பூசும் வேலையை ஆங்கில மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். கரையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்று அகராதியாளர் சிலர் கருதுவர். மரம் போய் இரும்பு வந்தது. கீல் போய் வண்ணப்பூச்சு வந்தது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த ஒட்டுயிர்களில் ஒன்றை இங்கே அறிமுகம் செய்ய வேண்டும். தமிழில் கொட்டலசு என்றும், மலாயில் தெரித்திப் என்றும் அழைக்கப்படும் ஓடுடைய சிற்றுயிர் அது. படகுத்துறைத் தூண்களில் வெள்ளை வெள்ளையாக, கூம்பு வடிவில், கையைக் கீறும் கூர்மையோடு ஒட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் பகுதியின் வெதுவெதுப்பான கடல்நீரில் அது விரைந்து பெருகும். ஒரு கப்பல் சில மாதங்கள் நின்றுவிட்டால் அதன் அடிப்பாகம் சொரசொரப்பேறிவிடும், வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும். வணிகக் கப்பலுக்கு அது பண இழப்பு. போர்க்கப்பலுக்கோ, எதிரியைத் துரத்த இயலாமை, அல்லது எதிரியிடமிருந்து தப்ப இயலாமை. எனவே கடற்படை வைத்திருக்கும் எந்த நாடும், கப்பலை நீரிலிருந்து முழுமையாக வெளிக்கொணர்ந்து அடிவயிற்றைத் துப்புரவு செய்யவும் பழுதுபார்க்கவும் ஓர் இடம் வைத்திருந்தாக வேண்டும். அந்த இடமே உலர்துறை.

'துறை' என்பது தமிழில் நீருக்குள் இறங்கும் இடம். படித்துறை, தோணித்துறை, துறைமுகம் ஆகிய அனைத்திலும் நீர் உண்டு. கல்வியிலும் ஆட்சியிலும் 'துறை' என்று நாம் வழங்குவது அந்தப் பொருளிலிருந்து விரிந்ததே. அப்படியிருக்க 'உலர்துறை' என்பது தன்னைத் தானே மறுக்கும் சொற்சேர்க்கையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த முரணே அவ்விடத்தின் இயல்பு. ஒரு நாள் அது கடலின் பகுதி. மறுநாள் அதே இடத்தில் மனிதர்கள் காலணியோடு நடந்து திரிவர்.

அது இயங்கும் முறையை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நன்று. கடலோரத்தில், கடல்மட்டத்திற்கு வெகு கீழே, ஒரு நீண்ட பள்ளம் தோண்டி அதன் தரையையும் சுவர்களையும் கற்காரையால் கட்டுகின்றனர். மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் கடலை நோக்கிய வாயில். வாயிலை அடைப்பது ஒரு மிதவைக் கதவு. வீட்டுக் கதவைப் போலக் கீலில் தொங்குவதன்று. உள்ளே வெறுமையான ஒரு பெரும் எஃகுப் பெட்டி. பெட்டிக்குள் நீரை நிரப்பினால் அது அமிழ்ந்து வாயிலின் பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும், நீரை இறைத்துவிட்டால் மிதக்கும், இழுத்து அப்புறப்படுத்தலாம். கதவு திறந்திருக்கும்போது கப்பல் உள்ளே வரும். கதவை அமர்த்திய பின் நீரேற்றிகள் உள்நீரை வெளியேற்றத் தொடங்கும். நீர் இறங்க இறங்க, கப்பல் தரையில் வரிசையாக வைக்கப்பட்ட கட்டைகளின்மேல் மெல்ல அமர்கிறது. கடைசியில் கடல் ஒருபுறமும் மனிதர்கள் மறுபுறமும் நிற்க, இடையில் அந்த ஒற்றைக் கதவு மட்டும் இருக்கும். வெளிநீரின் அழுத்தமே அதனை வாயிலோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கடல்தான் கடலுக்கு எதிரான பூட்டு என்று ஒரு பொறியாளர் எனக்கு விளக்கினார்.

இனி இந்த உலர்துறை செம்பவாங்கிற்கு வந்த கதை. செம்பவாங் என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். சிலர் கருதுவது போல் நம் 'செம்பு'க்கோ 'செம்மை'க்கோ அதில் பங்கில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல்கள் ஐரோப்பியக் கடல்களிலேயே இருந்தன. பசிபிக்கில் ஜப்பானின் கடற்படை வளர்ந்துகொண்டிருந்தது. இரு பெருங்கடல்களிலும் இரண்டு கடற்படைகளை நிறுத்தப் பிரிட்டனிடம் பணமில்லை. ஆகவே, ஆபத்து நேர்ந்தால் முதன்மைக் கடற்படையைக் கிழக்கே அனுப்புவது என்று முடிவாயிற்று. அனுப்பிய கப்பல்களைப் பழுதுபார்க்க இடம்? கிழக்கே, அக்காலத்துப் பெரிய போர்க்கப்பல்களை ஏற்கக்கூடிய கடற்படை உலர்துறை பிரிட்டனிடம் இருக்கவில்லை. கெப்பல் துறைமுகத்தில் 1913இல் திறக்கப்பட்ட கிங்ஸ் டாக் வணிகக் கப்பல்களுக்கானது. (இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படுகிறது.) எனவே 1921இல் சிங்கப்பூரில் கடற்படைத்தளம் அமைக்க லண்டன் தீர்மானித்தது. ஜொகூர் நீரிணையை நோக்கிய வடகரை தேர்ந்தெடுக்கப்பட்டது.

தளம் எளிதில் எழவில்லை. 1924இல் பிரிட்டனில் பதவியேற்ற தொழிற்கட்சி அரசு பணியை நிறுத்தியது. அடுத்த அரசு தொடங்கியது. 1929இல் மீண்டும் வேகம் குறைந்தது. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய பின்னரே உண்மையான அவசரம் பிறந்தது. செலவின் ஒரு பகுதியைக் குடியேற்ற நாடுகள் சுமந்தன. மலாய்க் கூட்டு மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டு கொடுத்தன. நியூசிலாந்து 10 லட்சம். ஹாங்காங் இரண்டரை லட்சம். நிலத்தை நீரிணைக் குடியேற்றங்கள் அளித்தன. மலாய்க் கூட்டு மாநிலங்களின் வருவாய் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது என்பதையும், அந்த ரப்பரைச் சீவியோருள் பெரும்பாலோர் யார் என்பதையும் நான் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதலில் வந்தது தரையில் கட்டிய துறையன்று. இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், வால்சென்டு என்னுமிடத்தில், ஸ்வான் ஹன்டர் நிறுவனம் 50,000 டன் எடையைத் தூக்கவல்ல மிதக்கும் உலர்துறை ஒன்றைக் கட்டியது. 1928இல் இழுவைக் கப்பல்கள் அதனைச் சூயஸ் கால்வாய் வழியாக இழுத்துவந்து நீரிணையில் சேர்த்தன. ஸ்வான் ஹன்டர் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் இவ்விடத்திற்கு வரும்.

நிலையான உலர்துறைக்கு 1,000 அடி நீளமும் 130 அடி அகலமும் வகுக்கப்பட்டன. மூன்று காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தாற்போன்ற நீளம். ஆழத்தையும் சேர்த்து நான் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன்: ஒலிம்பிக் அளவிலான நீச்சல்குளங்கள் ஐம்பதை நிரப்பும் நீர் அதில் அடங்கும். அலையாத்திக் காடும் சதுப்பும் ரப்பர்த் தோட்டமுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, செம்பவாங் ஆற்றின் போக்கையே மாற்றி, சர் ஜான் ஜாக்சன் நிறுவனம் கட்டுமானத்தை மேற்கொண்டது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் 'சீ பெல்' என்னும் தம் அரசுப் படகில் வந்து, வாயிலின் குறுக்கே கட்டிய நாடாவைப் படகின் முகப்பாலேயே அறுத்துத் துறையைத் திறந்துவைத்தார். மூன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் விருந்தினராக வந்திருந்தன. உலகின் மிகப் பெரிய உலர்துறைகளுள் ஒன்று என்று நாளிதழ்கள் கொண்டாடின. திறப்பு விழா நடந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழிந்தபோது சிங்கப்பூர் சரணடைந்தது.

தளத்தின் உள்ளே ஓர் ஊரே இருந்தது. கேன்பரா, வெல்லிங்டன், மான்ட்ரியால், டர்பன், டெல்லி, மால்ட்டா, ஜிப்ரால்டர் என்று சாலைகளுக்குப் பெயரிட்டனர். இன்று அவ்வட்டாரத்து அடுக்குமாடிகளில் வாழ்வோர் பேரரசின் வரைபடத்தின்மீது நடக்கிறோம் என்று எண்ணுவதில்லை. வேலையாட்களில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவரும் இருந்தனர். இந்தியருள் கேரளத்திலிருந்து வந்த மலையாளிகள் பெருந்தொகையினர். அவர்களுக்கெனத் தனி நூலகமும் சங்கமும் கலைக்குழுக்களும் பின்னாளில் தோன்றின. தமிழர் தொகையும் சிறிதன்று. கேன்பரா சாலையருகே மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாட்டைத் தளத்துத் தொழிலாளர் பலர் பேணி வளர்த்தனர். இன்று ஈசூனில் பங்குனி உத்திரத்திற்குப் பெயர்பெற்றிருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அதிலிருந்து எழுந்ததே.

மொழியியலாளனுக்கு இங்கே சற்று நின்று செல்ல உரிமை தர வேண்டும். என் இளமையில் எங்கள் வீட்டருகே முதியவர் ஒருவர் குடியிருந்தார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தளத்தில் வண்ணம் பூசுபவராக வேலை பார்த்தவர். நாங்கள் அவரைப் பெரியப்பா என்று அழைப்போம். அவர் ஒரு நாளும் 'கடற்படைத்தளம்' என்றோ 'உலர்துறை' என்றோ சொல்லிக் கேட்டதில்லை. 'நேவல் பேஸ்' என்பார், 'டாக்கு' என்பார். கப்பல் டாக்குக்குள் 'ஏறும்', தண்ணீர் 'இறங்கும்', பிறகு டாக்கு 'காயும்'. மேலதிகாரி 'மண்டோர்', எழுத்தர் 'கிராணி'. மண்டோர் போர்த்துக்கீசியத்தில் பிறந்து மலாய் வழியே நம்மிடம் வந்த சொல். கிராணியும் மலாய்க் கடைத்தெருவில் நாம் பெற்றுக்கொண்டது. பெயர்கள் எல்லாம் அயல். வினைகள் எல்லாம் தமிழ். புலம்பெயர்ந்த தொழிலாளர் மொழியில் இது பொது விதி என்றே கூறலாம்: கருவியின் பெயரைக் கருவியோடு பெற்றுக்கொள்வர், தாம் செய்யும் செயலைத் தம் மொழியிலேயே சொல்வர். "டாக்கு காஞ்ச பெறகு அடியில போயி நின்னா, கப்பல் இல்ல, மலை தலைக்கு மேல தொங்குற மாதிரி இருக்கும்" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. கதவு எப்போதும் சிறிது கசியும் என்றும், புதிதாக வருபவர்கள் அந்தக் கசிவின் ஒலியைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வர் என்றும், பழகியவர்கள் கேட்பதை விட்டுவிடுவர் என்றும் அவர் சொன்னதுண்டு.

போர் தொடங்கியபின் துறைக்கு வேலை வந்தது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'குவீன் மேரி', அவ்வாண்டின் பிற்பகுதியில் 'குவீன் எலிசபெத்' ஆகிய இரு மாபெரும் பயணிகள் கப்பல்களும் சிங்கப்பூருக்கு வந்து, படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களாக மாறுவதற்கான வேலைகளைச் செய்துகொண்டன. ஆனால் எந்தக் கடற்படைக்காகத் துறை கட்டப்பட்டதோ, அந்தக் கடற்படை மட்டும் வரவில்லை. உதவி வந்து சேரும்வரை சிங்கப்பூர் தாக்குப்பிடிக்க வேண்டிய கால அளவை 42 நாள் என்று முதலில் கணித்திருந்தனர். பிறகு அது 70 நாளாயிற்று; ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180 நாளாயிற்று. 1941 டிசம்பர் 2ஆம் நாள் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரிய போர்க்கப்பல்களும் சில துணைக்கப்பல்களும் தளத்தை வந்தடைந்தன. 10ஆம் நாள் குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்கள் அவ்விரு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். அந்நாளிலிருந்து செம்பவாங் துறைக்குக் காத்திருக்கக் கப்பல் இல்லை.

சிங்கப்பூர் வீழ்ந்த கதையை நம் மாணவர்கள் பீரங்கிகளின் கதையாகவே அறிந்திருக்கின்றனர். அவை கடலை நோக்கியிருந்ததால் தோற்றோம் என்ற விளக்கம் இன்னும் உலவுகிறது. அவற்றுள் பலவற்றை வடக்கு நோக்கித் திருப்ப முடிந்தது. கப்பலின் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே அவற்றிடம் மிகுந்திருந்தன என்பதே பெருங்குறை. ஆனால் நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அந்தப் பீரங்கிகள் எதற்காக வந்தன? கடற்படைத்தளத்தைக் காக்க. விமானத்தளங்கள் எதற்காக? கடற்படைத்தளத்தைக் காக்க. கடற்படைத்தளத்தின் நடு உறுப்பு எது? உலர்துறையும் அதன் கதவும். கோட்டைக்காகத் துறை கட்டப்படவில்லை. துறைக்காகவே கோட்டை கட்டப்பட்டது. ஜப்பானியப் படை ஜொகூரின் கரையை எட்டியதும் தளம் எதிரியின் பீரங்கி எல்லைக்குள் வந்துவிட்டது. 1942 ஜனவரி இறுதியில் கடற்படையினர் தளத்தைக் கைவிட்டனர். கப்பல் பட்டறைப் பணியாளர் பலர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். மிதக்கும் உலர்துறையைத் தாமே மூழ்கடித்தனர். எண்ணெய்க் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்தன. எதைக் காக்க எல்லாம் திட்டமிடப்பட்டதோ அது கைவிடப்பட்ட பின்னரே, ஒரு வாரம் நீடித்த இறுதிப் போர் சிங்கப்பூர்த் தீவில் நடந்தது.

ஜப்பானியர் அதை வீணாக்கவில்லை. மூழ்கிக் கிடந்த மிதக்கும் துறையை மேலே கொணர்ந்தனர். நிலையான துறையைச் செப்பனிட்டனர். தம் கடற்படையின் பழுதுபார்ப்பு நிலையமாக ஆக்கினர். 1944இல் பிலிப்பீன்ஸ் கடல்களில் அடிபட்ட அவர்களுடைய கப்பல்களுக்கு, எண்ணெய்க் கிணறுகளுக்கு அருகில் இருந்த சிங்கப்பூர் மிகவும் இன்றியமையாததாயிற்று. அதனாலேயே அது குறியாயிற்று.

1944 நவம்பர் 5ஆம் நாள் காலை. வங்காளத்தின் விமானத்தளங்களிலிருந்து இரவோடிரவாகப் புறப்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து செம்பவாங் வானில் தோன்றின. அவற்றின் முதற்குறி உலர்துறை. முன்னணி விமானத்தின் குண்டு மிதவைக் கதவுக்கு அருகே, சுமார் 50 அடி தொலைவிற்குள், விழுந்தது. தொடர்ந்து விழுந்தவை வாயிலையும் துறையையும் தாக்கின. அப்போது துறை காய்ந்திருந்தது. 465 அடி நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று உள்ளே பழுதுபார்ப்பில் இருந்தது. கதவு குலைந்ததும் கடல் உள்ளே புகுந்தது.

இதனைச் சொல்லத்தான் கதவின் அமைப்பை முதலிலேயே விளக்கினேன். கப்பலின் அடியில், கடல்மட்டத்திற்குப் பல அடி கீழே வேலை செய்பவருக்கு வெளியேறும் வழி பக்கச் சுவர்களின் செங்குத்தான படிகளே. பல நிமிடங்கள் ஏற வேண்டிய வழி அது. நீருக்கோ சில நொடிகள் போதும். அன்று துறைக்குள்ளும் அதைச் சுற்றியும் இருந்த தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். குண்டுவீச்சைப் பற்றிய நூல்கள் விமானங்களின் எண்ணிக்கையையும் பறந்த தொலைவையும் தவறாமல் தருகின்றன: இந்தத் துறை மூன்று மாதங்களுக்குச் செயலிழந்தது, தாக்குதல் வெற்றி. தொழிலாளரைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கும். 'குவாந்தான் கடலில் 840 பேர்' என்று என்னால் எழுத முடிந்தது. 'செம்பவாங் துறைக்குள்' என்று தொடங்கும் வாக்கியத்தை எண்ணிட்டு முடிக்க என்னால் இயலவில்லை. ஜப்பானிய ஆட்சியில் கூலிக்கு அங்கே வேலை பார்த்தவர்கள் அவர்கள். அவர்களைக் கொன்ற குண்டு அவர்களை விடுவிக்கப் போவதாகச் சொன்ன தரப்பிலிருந்து வந்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிவார்கள், பிரியட்டும். ஆனால் 'கல்லறைத் துறை' என்று எழுதிய அந்த மாணவியைப் பார்த்து நான் சிரித்திருக்க வேண்டியதில்லை.

1945 பிப்ரவரி 1ஆம் நாள் மீண்டும் பி-29 விமானங்கள் வந்தன. இம்முறை மிதக்கும் உலர்துறை, உள்ளிருந்த கப்பலோடு மூழ்கியது. ஒரே துறையை முதலில் கட்டியவர்களே மூழ்கடித்தனர், கைப்பற்றியவர்கள் மீட்டனர், கட்டியவர்களின் நட்பு நாடு மறுபடி மூழ்கடித்தது. இரண்டு நாள் கழித்து, தென்கிழக்காசியப் படைத்தலைவர் மவுன்ட்பேட்டன், சிங்கப்பூரின் கடற்படை அமைப்புகளை இனித் தாக்கலாகாது என்று ஆணையிட்டார். திரும்பி வந்ததும் அவை தமக்கே வேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

கொட்டலசை மறந்திருக்க மாட்டீர்கள். 1944 அக்டோபரில் டார்பிடோவால் அடிபட்ட 'தக்காவோ' என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு வந்து, முழுமையாகப் பழுதுபார்க்க வழியின்றி, ஜொகூர் நீரிணையில் விமான எதிர்ப்புப் பீரங்கி மேடையாக நின்றது. மாதக்கணக்கில் அசையாமல் நின்றதால் அதன் அடிப்பாகம் முழுவதும் கொட்டலசு மண்டியது. 1945 ஜூலை 31ஆம் நாள், லெப்டினன்ட் இயன் ஃபிரேசர் தலைமையில் நால்வர் மட்டும் செல்லும் பிரிட்டனின் குறுநீர்மூழ்கி ஒன்று அதன் அடியில் புகுந்தது. முக்குளிப்பவரான ஜேம்ஸ் மகென்னிஸ், காந்தத்தால் ஒட்டும் வெடிகளைப் பொருத்த வெளியே வந்தார். வெடி ஒட்டவில்லை, கொட்டலசு தடுத்தது. நீருக்கடியில், எதிரிக் கப்பலின் வயிற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டித் துப்புரவு செய்து, அதன் பிறகே ஒவ்வொரு வெடியையும் பொருத்தினார். உலர்துறையில் செய்ய வேண்டிய வேலையை, அதே கப்பலை அழிப்பதற்காக, எதிரி கடலுக்கடியில் செய்தார். ஃபிரேசருக்கும் மகென்னிஸுக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

போருக்குப் பின் பிரிட்டன் திரும்பிவந்து துறையைச் செப்பனிட்டது. கொரியப் போர்க் காலத்திலும் இந்தோனேசியாவுடனான 'கொன்ஃபிரொன்தாசி' காலத்திலும் தளம் மும்முரமாக இயங்கியது. இப்போது தொழிலாளர் குரலும் கேட்கத் தொடங்கியது. கடற்படைத்தளத் தொழிலாளர் சங்கம் தீவின் வலிமையான சங்கங்களுள் ஒன்றாயிற்று. 1952 இறுதியில் தளத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1950களில் அதன் செயலாளராக இருந்த வுட்ஹல் நாட்டு அரசியலிலும் அறியப்பட்டார். இது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

1968 ஜனவரியில், தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாகப் பிரிட்டன் அறிவித்தது. சுதந்திரம் பெற்று மூன்றாண்டும் நிரம்பாத சிங்கப்பூருக்கு அது பேரிடி. நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் படைகளின் செலவைச் சார்ந்திருந்ததாகக் கணித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கப்பல் பட்டறை ஒரு வெள்ளி என்ற பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் உருவாயிற்று. அதனை நிர்வகிக்க அழைக்கப்பட்டது ஸ்வான் ஹன்டர். போர்க்கப்பல் பழுதுபார்த்த கைகள் வணிகக் கப்பல் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்று பெரியப்பா சொல்வார். கடற்படைக்கு வேலை செய்தபோது நேர்த்தி கேட்டார்கள், வணிகர்களோ நேரம் கேட்டார்கள். ஒரு கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் முதலாளிக்கு நட்டம். 1970களில் எண்ணெய்க் கப்பல்களுக்காக இன்னும் பெரிய துறை ஒன்று பக்கத்திலேயே எழுந்தது. ஆறாம் ஜார்ஜ் துறையும் வேலை செய்துகொண்டே இருந்தது.

2023இல் செம்பவாங்கின் வழிவந்த நிறுவனமும் கெப்பலின் கடல்சார் நிறுவனமும் இணைந்து 'சீட்ரியம்' ஆயின. மாணவர்கள் குழப்பிக்கொண்டிருந்த இரு துறைகளின் மரபும் இவ்வாறு உண்மையிலேயே ஒன்றாகிவிட்டது. பட்டறை நிலத்தை வருங்காலத்தில் கடலோரக் குடியிருப்பும் பொழுதுபோக்கும் கலந்த பகுதியாக மாற்றும் திட்டத்தை அரசு அறிவித்துள்ளது. அவ்விடத்தில் விளக்கப்பலகைகள் வைக்கப்படும்போது நான்கு மொழிகளிலும் எழுத வேண்டியிருக்கும். தமிழில் எழுதப்போகிறவர் 'உலர்துறை' என்று எழுதலாம். அருகே சிறிய எழுத்தில் 'டாக்கு' என்றும் எழுதினால் நான் மகிழ்வேன். 1944 நவம்பர் 5 பற்றிப் பலகையில் எத்தனை வரி ஒதுக்குவார்கள் என்பது எந்த மொழிக்கும் பொதுவான கேள்வி.

மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்கள் செம்பவாங் பூங்காவின் படகுத்துறைக்குப் போகலாம். அங்கிருந்து நீரிணையும், எதிரே ஜொகூரும், பட்டறைப் பக்கத்துப் பாரந்தூக்கிகளும் தெரியும். நீர் இறங்கும் வேளையில் போனால் தூண்களில் கொட்டலசையும் காட்டலாம். தொட வேண்டாம், கை கிழியும்.